கேட்கப்படாத மன்றாட்டின் மொழி: தமிழ் விவிலியத்தில் துயரும் அருளும்

0. முன்னுரை

மன்றாடியும் பெறாதவரின் நிலை, கிறித்தவச் சமயச் சிந்தனையில் விடை காண்பதற்கு அரிய வினாக்களுள் ஒன்று. நோயுற்ற குழந்தைக்காக இரவெல்லாம் மன்றாடிய தாய், விடியலில் அக்குழந்தையை இழக்கிறாள். அவள் நம்பிக்கையில் குறைந்தவள் அல்லள். அவள் வேண்டியதும் தகாத ஒன்றன்று. அதன்பின்னும் அவள் இறையருளை எவ்வாறு நம்புவது என்பதற்கு இறையியலார் பல விளக்கங்களைத் தந்துள்ளனர். அவ்விளக்கங்களை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அத்தாய் மறுநாளும் இறைவன்முன் நின்று பேச விழைந்தால் அவளுக்கு எந்தச் சொற்கள், எந்த வாக்கிய அமைப்புகள் கிடைக்கின்றன? அவள் கையிலுள்ள தமிழ் விவிலியம் அவளுக்குக் கற்றுத்தரும் மொழி யாது? இதுவே ஈண்டு ஆராயப்படுகிறது.

இவ்வாய்விற்கு இரு மொழிபெயர்ப்புகள் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. ஒன்று, பப்ரீசியுசின் மொழிபெயர்ப்பு மரபை அடியொற்றி ஹென்றி பவர் தலைமையிலான குழுவினர் உருவாக்கி 1871-இல் வெளிவந்தது. சீர்திருத்தத் திருச்சபையினர் பெரும்பாலும் இன்றும் வழங்கிவரும் இது, இங்குப் 'பழைய மொழிபெயர்ப்பு' எனச் சுட்டப்படுகிறது. மற்றொன்று, 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. இது 'பொது மொழிபெயர்ப்பு' எனச் சுட்டப்படுகிறது. யோபு நூல், புலம்பல் வகைச் சங்கீதங்கள், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலின் பன்னிரண்டாம் அதிகாரம் ஆகிய மூன்று இடங்கள் மட்டுமே நோக்கப்படுகின்றன. துன்பத்திலும் மறுக்கப்பட்ட வேண்டுதலிலும் நிலைத்து நிற்கும் நம்பிக்கைக்குக் கிறித்தவர் மீண்டும் மீண்டும் நாடும் பகுதிகள் இவை.

1. 'கேள்' என்னும் வினை

தமிழில் 'கேள்' என்னும் வினை வினவுதல், வேண்டுதல், செவியால் உணர்தல் ஆகிய பொருள்களைத் தரும். வேண்டுபவரின் செயலும் அவ்வேண்டுதல் எவரிடம் சென்று சேர்கிறதோ அவரின் செயலும் ஒரே வினையால் குறிக்கப்படுவது தமிழின் சிறப்பியல்பு. விவிலிய மூலமொழிகளில் இந்நிலை இல்லை. எபிரேயத்தில் செவியுறுதலைக் குறிக்கும் 'ஷாமா', மறுமொழி தருதலைக் குறிக்கும் 'ஆனா', வேண்டுதலைக் குறிக்கும் 'ஷாஅல்' ஆகியவை வெவ்வேறு வினைகள். கிரேக்கத்திலும் வேண்டுதலும் செவியுறுதலும் வேறு வேறு சொற்களால் குறிக்கப்படுகின்றன.

பழைய மொழிபெயர்ப்பில் நற்செய்தி நூல்கள் மக்களை நோக்கிக் 'கேளுங்கள்' என்கின்றன. சங்கீதங்கள் இறைவனை நோக்கிக் 'கேட்டருளும்' என்கின்றன. இரண்டும் ஒரே வேரின. தமிழ் வாசகருக்கு இது ஒரு பேறு எனலாம். மன்றாட்டு என்பது ஒருவர் கேட்பதும் மற்றவர் கேட்பதுமாகிய ஒரே நிகழ்வு என்னும் உணர்வைச் சொல்லே ஊட்டிவிடுகிறது.

ஆயின் இதே சொல் இடரையும் விளைவிக்கிறது. தமிழ்க் கிறித்தவர் வழக்கில் 'ஜெபம் கேட்கப்பட்டது' என்பதற்கு 'வேண்டியது கிடைத்தது' என்பதே பொருள். எனவே கிடைக்காதபோது 'கேட்கப்படவில்லை' என்னும் முடிவு தானே வந்துவிடுகிறது. செவியுறுதலும் அளித்தலும் ஒன்றாகிவிட்டமையால், 'அவர் கேட்டார். ஆயினும் தரவில்லை' என்று கூறுவது வழக்கிற்கு முரணாகத் தோன்றுகிறது.

புதிய ஏற்பாடு இவ்விரண்டையும் ஒன்றாக்கவில்லை. கெத்செமனேயில் இயேசு துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டும் என மன்றாடினார், அது அகலவில்லை. மத்தேயு நற்செய்தியின்படி அவர் மும்முறை மன்றாடினார். ஆயினும் எபிரேயருக்கு எழுதப்பட்ட மடல் (5:7), உரத்த குரலுடனும் கண்ணீருடனும் அவர் எழுப்பிய மன்றாட்டு செவியேற்கப்பட்டது என்றே கூறுகிறது. அவர் இறந்தார் என்பதை அறிந்த ஒருவரே இதை எழுதுகிறார். பழைய மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் 'கேட்கப்பட்டு' என்னும் செயப்பாட்டு வினையெச்சத்தையே ஆள்கிறது. சொல் மூலத்திற்கு உண்மையானது. ஆனால் 'கிடைத்தல்' என்னும் பொருளை அச்சொல்லில் ஏற்றிவிட்ட வாசகர் இத்தொடரில் தடுமாறுகிறார். பொது மொழிபெயர்ப்பில் காணப்படும் 'செவிசாய்த்தல்' அளித்தலை உட்கொள்ளாத சொல். இவ்வோர் இடத்தில் புதிய சொல்லாட்சி மூலத்தின் கருத்தைத் தெளிவாக வேறுபடுத்திக் காட்டுகிறது எனலாம்.

2. காலம் காட்டாத எதிர்மறை

இருபத்திரண்டாம் சங்கீதத்தின் தொடக்கத்தில், பகலெல்லாம் கூப்பிட்டும் மறுமொழி பெறாதவரின் குரல் ஒலிக்கிறது. சிலுவையில் இயேசு எழுப்பிய குரலாக மத்தேயுவும் மாற்கும் காட்டுவது இச்சங்கீதத்தின் முதல் தொடரையே. எனவே இது கிறித்தவ மரபில் மறுமொழி பெறாத மன்றாட்டின் தலையாய வடிவமாயிற்று.

இரண்டாம் வசனத்திலுள்ள எபிரேய வினை முற்றுப்பெறாச் செயலைக் காட்டும் வடிவில் உள்ளது. பழைய மொழிபெயர்ப்பு இதனை 'உத்தரவுகொடீர்' எனத் தருகிறது. இதில் இரு கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, 'உத்தரவு' என்னும் பெயர். வடமொழி 'உத்தரம்' என்பதன் வழிவந்த இச்சொல் அக்காலத்தில் மறுமொழி என்னும் பொருளில் வழங்கியது. இன்று அது ஆணையையே குறிக்கிறது. இக்கால வாசகருக்கு இவ்விடம், இறைவன் ஆணை பிறப்பிக்கவில்லை என்ற குறையாகவே முதலில் தோன்றக்கூடும். மறுமொழியற்ற மௌனத்தின் வலி சொல்லளவில் மறைந்துவிடுகிறது.

இரண்டாவது கூறு 'கொடீர்' என்னும் எதிர்மறை முற்று. இது பழந்தமிழ் எதிர்மறை வகையைச் சார்ந்தது. வினையடியோடு பாலிட விகுதி நேரே சேர, கால இடைநிலை இன்றியே எதிர்மறைப் பொருள் தோன்றும் அமைப்பு இது. எனவே இவ்வடிவம் முக்காலத்திற்கும் பொது. 'நீர் கொடுக்கவில்லை, கொடுக்கிறதில்லை, கொடுக்கமாட்டீர்' என்னும் மூன்றையும் அது ஒருங்கே சுமக்கிறது. பொது மொழிபெயர்ப்பு 'பதில்' என்னும் சொல்லையும் '-வதில்லை' என்னும் ஈற்றையும் ஆள்கிறது. பொருள் உடனே விளங்குகிறது. ஆயினும் '-வதில்லை' இதுவரை நிகழ்ந்துவரும் வழக்கத்தைக் கூறுவது. எதிர்காலத்தைத் திறந்தே வைப்பது. 'கொடீர்' என்பதில் அந்த வாயிலும் அடைபட்டுள்ளது. துயருற்றவருக்கு மௌனம் ஒரு கால எல்லைக்கு உட்பட்டதாகத் தோன்றுவதில்லை. அது முடிவற்றதாகவே தோன்றும். அவ்வுணர்வைக் காலம் காட்டாத எதிர்மறையே நிறைவாகத் தருகிறது. ஆகவே இவ்வசனத்தில் பழைய மொழிபெயர்ப்பு பெயர்ச்சொல்லில் இழந்ததை வினைமுற்றில் ஈடுசெய்கிறது. புதியது பெயர்ச்சொல்லில் பெற்றதை வினைமுற்றில் இழக்கிறது.

புலம்பல் வகைச் சங்கீதங்கள் பெரும்பாலும் முறையீட்டில் தொடங்கிப் புகழில் முடிவன. பதின்மூன்றாம் சங்கீதம் 'எதுவரைக்கும்' என்னும் வினாவை நான்கு முறை எழுப்பித் தொடங்கிப் பாடலோடு முடிகிறது. எண்பத்தெட்டாம் சங்கீதம் இவ்விதிக்கு விலக்கு. அது புகழுக்குத் திரும்புவதில்லை. எபிரேய மூலத்தில் அதன் இறுதிச் சொல் இருளைக் குறிப்பது. பழைய மொழிபெயர்ப்பில் இப்பெயர்ச்சொல், அறிமுகமானவர்கள் மறைந்துபோனதைக் கூறும் வினைமுற்றாக மாற்றப்பட்டுள்ளது. தொடர் சீராகிவிட்டது, ஆனால் பாடல் இருள் என்னும் சொல்லோடு நின்றுவிடுகிறது என்பதைத் தமிழ் வாசகர் அறிய வழியில்லை. இருளில் முடியும் மன்றாட்டும் மறைநூலில் இடம்பெறத் தக்கது என்று கருதியே தொகுத்தோர் அதனைச் சேர்த்தனர். அச்சான்றை ஒரு சொல்லின் வகைமாற்றம் மங்கச்செய்துள்ளது.

3. ஓரெழுத்தின் ஐயம்

துன்பத்திலும் தளராத நம்பிக்கைக்கு மேற்கோளாக மிகுதியும் எடுத்தாளப்படும் இடம் யோபு 13:15. இறைவன் தன்னைக் கொன்றாலும் அவர்மேல் கொண்ட நம்பிக்கையை விடேன் என்பது அவ்வசனத்திற்கு வழங்கும் பொருள். பழைய மொழிபெயர்ப்பு '-ஆலும்' என்னும் உடன்பாட்டு எச்சத்தால் இப்பொருளைத் தருகிறது. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும் இவ்வாறே கொள்கிறது.

எனினும் எபிரேய மூலத்தில் இவ்விடம் ஐயத்திற்குரியது. எழுதப்பட்டுள்ள எழுத்துகளின்படி இங்குள்ள 'லோ' எதிர்மறைச் சொல். அதன் இறுதி எழுத்து 'ஆலெப்'. ஏட்டின் ஓரத்தில் மசோரெத்தியர் குறித்த வாசிப்பு மரபின்படி இறுதி எழுத்து 'வாவ்'. அப்போது அது 'அவருக்காக' எனப் பொருள்படும். ஒலிப்பு ஒன்றே, எழுத்து வேறு. முதற்பாடத்தைக் கொண்டால் 'எனக்கு நம்பிக்கை இல்லை' என்றும், இரண்டாம் பாடத்தைக் கொண்டால் 'அவரையே எதிர்நோக்குவேன்' என்றும் பொருள் அமையும். யூத மரபினர் இவ்வையத்தை நெடுங்காலமாக அறிவர். மிஷ்னாவின் சோத்தா பகுதி இதனை வெளிப்படையாக எழுப்பி ஆராய்கிறது. 1952-இல் வெளிவந்த திருத்திய ஆங்கிலப் பதிப்பு எதிர்மறைப் பாடத்தையே ஏற்றது.

இரண்டனுள் எது மூலபாடம் என்பதை முடிவுசெய்வது பாடத்திறனாய்வாளர் பணி. மொழியியல் நோக்கில் கருதத்தக்கது வேறொன்று. இவ்வசனத்தின் பிற்பகுதி எப்பாடத்திலும் மாறுவதில்லை. தன் வழிகளை அவர் முகத்திற்கு முன்பாகவே வாதிட்டு நிறுவுவேன் என்பது அப்பகுதி. எபிரேயத்தில் உள்ள வினை வழக்காடு மன்றத்திற்குரியது. பழைய மொழிபெயர்ப்பு இதற்கு 'ரூபகாரம்' என்னும் சொல்லை ஆண்டு, மெய்ப்பித்தல் என்னும் கருத்தைக் காத்துள்ளது. நம்பிக்கை உண்டென்று கொண்டாலும் இல்லையென்று கொண்டாலும், யோபு வழக்கை வேறு மன்றத்திற்குக் கொண்டு செல்லவில்லை. எவர்மீது குறைகூறுகிறாரோ அவர் முன்னிலையிலேயே நிற்கிறார். மேற்கோளாக எடுத்தாளுவோர் முற்பகுதியை மட்டும் கூறி, வாதிடும் பகுதியை விட்டுவிடுகின்றனர். அதனால் யோபின் நம்பிக்கை வாய்மூடிய பொறுமையாகத் திரிபடைகிறது.

இவ்வெபிரேய வினைக்கு வேர்ப்பொருள் காத்திருத்தல். பழைய மொழிபெயர்ப்பில் 'விசுவாசம்' ஒன்று, 'நம்பிக்கை' மற்றொன்று; பின்னது எதிர்காலத்தை நோக்கியது. பொது மொழிபெயர்ப்பில் முன்னதற்கு 'நம்பிக்கை' என்பதும் பின்னதற்கு 'எதிர்நோக்கு' என்பதும் வழங்குகின்றன. ஆகவே 'நம்பிக்கை' என்னும் ஒரே சொல் இரு திருச்சபை மரபுகளில் இருவேறு கருத்துகளைச் சுட்டுகிறது. யோபின் நிலைக்கு 'எதிர்நோக்கு' பெரிதும் பொருந்துகிறது. உறுதியாக அறிதல் வேறு. அறியாதபோதும் வாயிலைவிட்டு அகலாதிருத்தல் வேறு.

4. முன்னிலை

யோபு நூலின் உரையாடல்களில் ஓர் இலக்கண வேறுபாடு தெளிவாகக் காணப்படுகிறது. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் ஆகிய மூன்று நண்பர்களும் இறைவனைப் பற்றி மிகுதியாகப் பேசுகின்றனர். ஆனால் அவரைப் படர்க்கையிலேயே வைத்துப் பேசுகின்றனர். அவர்களுள் எவரும் ஒருமுறையேனும் இறைவனை முன்னிலையில் விளித்துப் பேசுவதில்லை. யோபும் படர்க்கையில் தொடங்குவதுண்டு. எனினும் ஏழாம், பத்தாம், பதின்மூன்றாம், முப்பதாம் அதிகாரங்களில் அவர் பேச்சு நண்பர்களை விட்டு இறைவன்பால் திரும்பி முன்னிலையாகிவிடுகிறது. நண்பர்களின் கூற்றுகள் கோட்பாட்டளவில் பிழையற்றவை. யோபின் கூற்றுகள் கடுமையானவை. ஆயினும் உறவை அறுக்காத பேச்சு யோபுடையதே.

தமிழ் இலக்கண மரபு விளியை எட்டாம் வேற்றுமையாக எண்ணுகிறது. தொல்காப்பியம் அதற்கெனத் தனி இயலே வகுக்கிறது. பிற வேற்றுமைகள் பெயருக்கும் வினைக்கும் உள்ள தொடர்பைக் காட்டுவன. விளியோ பேசுபவருக்கும் கேட்பவருக்கும் உள்ள தொடர்பை நிறுவுவது. இந்நோக்கில், மறுமொழி கிடைக்காதபோதும் விளியைக் கைவிடாமையே யோபு காட்டும் நம்பிக்கை எனலாம்.

எபிரேயத்தில் முன்னிலை ஒருமைக்கு மரியாதை வேறுபாடு இல்லை. தமிழில் மொழிபெயர்ப்போர் 'நீ', 'நீர்' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். பழைய மொழிபெயர்ப்பில் நண்பர்கள் யோபை 'நீர்' என்கின்றனர். யோபு இறைவனையும் 'நீர்' என்கிறார். இறைவன் யோபை 'நீ' என்கிறார். சங்கீதங்களில் 'தேவரீர்' என்னும் மேலும் உயர்ந்த வடிவமும் பயில்கிறது. சைவ, வைணவப் பக்தி இலக்கியங்களில் மாணிக்கவாசகரும் நம்மாழ்வாரும் இறைவனை 'நீ' என விளிப்பது இயல்பாகக் காணப்படுவது. இறைவனோடு வாதிட்ட சுந்தரர் வன்தொண்டர் என்னும் பெயரையே பெற்றார். 'நீ' என்பது நெருக்கத்தையும் அந்நெருக்கம் தரும் ஊடல் உரிமையையும் உணர்த்தும். 'நீர்' என்பது மதிப்பையும் இடைவெளியையும் உணர்த்தும். யோபின் கடுமொழிகள் 'நீர்' வழியே வரும்போது, அரசவையில் பணிவோடு முறையிடுபவரின் தொனியைப் பெறுகின்றன.

இதனை இழப்பு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. பணிவின் வடிவில் வரும் குற்றச்சாட்டுக்குத் தனிக் கூர்மை உண்டு. எனினும் ஏழாம் அதிகாரத்தில் (7:20) யோபு இறைவனை விளிக்கும் பெயரில் இழப்புத் தெளிவாகப் புலப்படுகிறது. எபிரேயச் சொல் காவல்புரிதலையும் விடாது கண்காணித்தலையும் குறிப்பது. யோபு அதனைக் கசப்போடு ஆள்கிறார். தமிழில் 'காப்பவர்' என்றதும் புகழ்ச்சியே எஞ்சுகிறது, கசப்பு நீங்கிவிடுகிறது.

வேண்டுதல் வினைகளிலும் ஒரு செய்தி உண்டு. 'ஈ' என்பது இழிந்தோன் கூற்று, 'தா' என்பது ஒப்போன் கூற்று, 'கொடு' என்பது உயர்ந்தோன் கூற்று எனத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. இயேசு கற்பித்த மன்றாட்டைப் பழைய மொழிபெயர்ப்பு 'தாரும்' என்னும் வினையால் தருகிறது. தொல்காப்பிய வேறுபாடு வழக்கிழந்து நெடுங்காலம் ஆயிற்று. எனவே மொழிபெயர்த்தோர் அதனைக் கருதினர் எனக் கொள்ள இடமில்லை. ஆயினும் ஒப்போர் வினை மதிப்பு விகுதியோடு இணைந்து நிற்பது, விவிலிய மன்றாட்டின் இரு கூறுகளாகிய உரிமையையும் பணிவையும் ஒரு சொல்லில் காட்டுகிறது.

5. 'நிதானம்' செய்த மாற்றம்

நூலின் முடிவில் (42:7) இறைவன் நண்பர்களைக் கடிந்து யோபின் பேச்சை ஏற்கிறார். யோபின் முறையீடு பிழையன்று என்னும் தீர்ப்பு இதில்தான் உள்ளது. ஆகவே நூல் முழுவதன் பொருளும் இவ்விடத்தைச் சார்ந்திருக்கிறது. சரியானதைப் பேசுதல் என்னும் பொருள்தரும் எபிரேயச் சொல்லுக்குப் பழைய மொழிபெயர்ப்பு 'நிதானமாய்' என்னும் அடையை ஆள்கிறது. அக்காலத்தில் நிதானம் என்பது திட்பம், செம்மை என்னும் பொருள்களில் பயின்றது. இன்றைய வழக்கில் அது பதற்றமின்மையையும் மெதுவையுமே குறிக்கிறது. இதனால் இக்கால வாசகருக்கு, யோபு அமைதியாகப் பேசியதால் பாராட்டப்பட்டார் என்னும் எதிர்மாறான பொருள் தோன்றுகிறது. பிறந்த நாளைச் சபித்து, இறைவனை வழக்குக்கு அழைத்தவரின் பேச்சில் நிதானம் இல்லை, உண்மை இருந்தது. சொல்லின் பொருள்மாற்றம் நூலின் தீர்ப்பையே தலைகீழாக்கும் அரிய எடுத்துக்காட்டு இது.

இவ்வசனத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. 'என்னைக்குறித்து' என்று பெயர்க்கப்பட்டுள்ள எபிரேய இடைச்சொல்லின் இயல்பான பொருள் 'என்னிடம்' என்பதே. அதே வசனத்தில் ஆண்டவர் யோபிடம் பேசினார், எலிப்பாசிடம் பேசினார் என்னும் இடங்களிலும் அதே இடைச்சொல்தான் வருகிறது. கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு இதனை 'என் முன்பாக' என்று கொள்கிறது. 'குறித்து' என்னும் பொருளும் எபிரேயத்தில் இயலாததன்று. ஆனால் 'என்னிடம்' எனக் கொண்டால், முன்னர்க் கண்ட இலக்கண வேறுபாட்டையே இறைவனின் தீர்ப்பும் சுட்டுவதாகிறது: நண்பர்கள் அவரைப் பற்றிப் பேசினர், யோபு அவரிடம் பேசினார்.

இறைவனின் மறுமொழி வந்தபோதும் யோபின் வினாக்களுக்கு விடை வரவில்லை என்பதும் நினைவுகூரத்தக்கது. பழைய மொழிபெயர்ப்பின் முப்பத்தெட்டாம் அதிகாரத் தொடக்கத்தில் 'கேள்' என்னும் வினைக்கு இறைவன் எழுவாயாகிறார்; 'உத்தரவு' சொல்லவேண்டியவர் யோபு. கேட்டவர் கேட்கப்படுபவராகிறார். விடை கிடைக்கவில்லை, ஆனால் பேச்சு தொடர்கிறது. யோபு வேண்டியதும் இறுதியில் அதுவே.

6. அருளும் 'போதும்' என்னும் சொல்லும்

அருள் என்னும் கிறித்தவக் கருத்தைத் தமிழில் சொல்ல நான்கு நூற்றாண்டுகளாகப் பல சொற்கள் தேரப்பட்டன. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தந்த அண்டிறீக்கு அடிகளார் காலத்து நூல்களில் போர்த்துகேயச் சமயச் சொற்கள் ஒலிபெயர்ப்பாகவே மிகுதியும் வழங்கின. தத்துவ போதகர் எனப்பட்ட நொபிலி வடமொழிவழிச் சொற்களை நாடினார், 'பிரசாதம்' அவ்வகையது. கத்தோலிக்கர் வழக்கில் 'இஷ்டப்பிரசாதம்', 'பிரியதத்தம்' என்பனவும் இருந்தன. பின்னர் 'அருள்' அவற்றின் இடத்தைப் பெற்றது. சீர்திருத்தச் சபையினரிடம் 'கிருபை' நிலைத்தது.

பழைய மொழிபெயர்ப்பு எபிரேய 'ஹெசெத்', கிரேக்க 'காரிஸ்' ஆகிய இரண்டிற்கும் பல இடங்களில் 'கிருபை' என்பதையே ஆள்கிறது. பொது மொழிபெயர்ப்பு முன்னதற்குப் 'பேரன்பு', பின்னதற்கு 'அருள்' எனப் பிரிக்கிறது. இப்பிரிப்பு மூலத்திற்கு நெருக்கமானது. எனினும் பழைய ஆட்சியில் ஒரு நன்மை இருந்தது. எண்பத்தெட்டாம் சங்கீதம் கல்லறையில் தேடும் கிருபையும், நூற்று முப்பத்தாறாம் சங்கீதம் இருபத்தாறு முறை போற்றும் கிருபையும், பவுலுக்கு உரைக்கப்பட்ட கிருபையும் ஒரே சொல்லாய் நின்றன. புலம்பலையும் புகழையும் இணைத்த அந்நூல் இப்போது அறுந்துள்ளது.

பவுல் தம் உடலில் தைத்த முள் நீங்க மும்முறை வேண்டினார், அது நீக்கப்படவில்லை. அம்முள் யாது என்பதை அவர் கூறவில்லை. அவர் பெற்ற மறுமொழியில் இரு மொழிபெயர்ப்புகளும் 'போதும்' என்னும் வினையில் ஒன்றுபடுகின்றன. இவ்வினை தமிழில் தனித்தன்மை வாய்ந்தது. காலப் பாகுபாடு இன்றி 'போதும்', 'போதாது' என்னும் வடிவங்களிலேயே இன்று பெரிதும் வழங்குவது. அதற்கு இரு பொருள் உண்டு: நிறைவாக உள்ளது என்பது ஒன்று, இனி வேண்டா, நிறுத்துக என்பது மற்றொன்று. பந்தியில் 'போதும்' என்று சொல்லும் உரிமை உண்பவருக்கே உண்டு. பரிமாறுபவர் அதைச் சொல்வதில்லை. இங்கோ கொடுப்பவர் சொல்கிறார். எனவே தமிழில் இம்மறுமொழி ஆறுதலும் மறுப்புமாக ஒருங்கே ஒலிக்கிறது. மூன்றுமுறை கேட்டாயிற்று, இனிக் கேட்கவேண்டா என்னும் கண்டிப்பு அதில் மறைந்துள்ளது. இக்கண்டிப்பு மூலச்சூழலுக்கு முற்றிலும் பொருந்துவதே. நாட்காட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் இடம்பெறும்போது இவ்வசனத்தின் மறுப்புப் பகுதி உதிர்ந்துவிடுகிறது. வேண்டியது கிடைக்கும் என்னும் வாக்குறுதிபோல் அது படிக்கப்படுகிறது.

இதற்கு வேற்றுமை உருபும் ஒரு காரணம். தமிழ்க் கிறித்தவர் பேச்சிலும் மடல்களிலும் 'கிருபை' மிகுதியும் மூன்றாம் வேற்றுமையில் வருகிறது. 'கிருபையால் நலம்', 'கிருபையால் தேர்ச்சி', 'கிருபையால் சுகம்' என நல்விளைவுக்குக் கருவியாகவே அது நிற்கிறது. தீவிளைவோடு அவ்வுருபு சேர்வதில்லை. பவுலின் மடலிலோ அருள் எழுவாய், விளைவு எதுவும் கூறப்படவில்லை, முள் நீங்கவில்லை. விளைவின்றியே அருள் அருளாக நிற்கக்கூடும் என்பதே அத்தொடரமைப்பின் செய்தி. மூன்றாம் வேற்றுமையில் மட்டுமே அருளை அறிந்தவருக்கு, நலம் இல்லாத இடத்தில் அருளும் இல்லை என்னும் முடிவு தவிர்க்க இயலாததாகிறது. சபைகளில் கூறப்படும் 'சாட்சி' என்னும் உரைவகையும் வேண்டுதல், பெறுதல், நன்றி என்னும் வரிசையில் அமைவது. பெறாதவருக்கு அவ்வுரைவகையில் இடமில்லை; அவர் வாய்மூடுகிறார், அல்லது தம் நம்பிக்கையைக் குறைகூறிக்கொள்கிறார். யோபின் நண்பர்கள் அவருக்கு அளித்த விளக்கமும் ஏறத்தாழ இதுவே.

தமிழ் மன்றாட்டு மொழியிலேயே இதற்கு மாற்றும் உள்ளது. 'கேட்டருளும்', 'காத்தருளும்' என்பவற்றில் 'அருள்' துணைவினையாக நிற்கிறது. அரசரையும் தெய்வத்தையும் நோக்கிய மதிப்பு வடிவமாக அது இலக்கணமயமாகிவிட்டது. 'கிருபை' என்னும் பெயரை ஏற்ற சபைகளும் இத்துணைவினையை விடவில்லை. இவ்வடிவில் அருள் வேண்டுதலின் பயனாக இறுதியில் வருவதன்று. வேண்டும் வினைக்குள்ளேயே முன்கூட்டி இருப்பது. பெறுவதற்கு முன்னரும், பெறாத நிலையிலும், வேண்டுபவர் அருளைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

7. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. மறுமொழி பெறாத மன்றாட்டுக்கு உரிய மொழி தமிழ் விவிலியத்தில் இல்லாமலில்லை. காலம் காட்டாத எதிர்மறை, முன்னிலை விளி, 'போதும்' என்னும் வினை, 'அருள்' என்னும் துணைவினை ஆகியவை அதன் கூறுகள். 'உத்தரவு', 'நிதானம்' போன்ற சொற்களின் பொருள்மாற்றத்தாலும், 'கேட்கப்படுதல்' என்பதில் நேர்ந்த பொருட்குறுக்கத்தாலும் அம்மொழி மறைந்து கிடக்கிறது. புதிய மொழிபெயர்ப்பு இவற்றுட் சிலவற்றைத் தெளிவாக்கியுள்ளது. சில வன்மைகளை இழந்துள்ளது.

பழைய மொழிபெயர்ப்பை மாற்றுவது எளிதன்று; அதன் சொற்கள் பல தலைமுறையினரின் நெஞ்சில் பதிந்தவை. ஆயினும் பொருள்மாறிய சொற்களுக்கு அடிக்குறிப்பு இடுவதும், யோபு 13:15-இன் இருபாடங்களைச் சுட்டுவதும், எண்பத்தெட்டாம் சங்கீதத்தைப் பொதுவழிபாட்டில் முழுமையாகப் படிப்பதும் இயலக்கூடியனவே. குழந்தையை இழந்த தாய்க்கு, நிதானமாய்ப் பேசியவரே ஏற்கப்பட்டார் என்று கற்பிப்பதற்கும், உண்மையைத் தம்மிடம் பேசியவரை இறைவன் ஏற்றார் என்று கற்பிப்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. முதலாவது அவள் வாயை அடைக்கும். இரண்டாவது, விடை வராத நாளிலும் அவள் விளித்துப் பேச ஒரு முன்னிலையை அவளுக்கு விட்டுவைக்கும்.